அந்தோனியார் கிளப்பிய இஞ்சின்

பதினெட்டாவது தடவையாகச் சந்தியோகு கயிற்றை இழுத்தான். பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற அவனுடைய வள்ளத்தின் எட்டுக் குதிரை இஞ்சின் ஒருக்கால் இருமிப்போட்டுப் பேசாமல் கிடந்தது. நண்டு வலை முந்தநாள் தொட்டுக் கடலுக்குள் கிடக்கிறது. இன்றைக்கும் தூக்காவிட்டால் அவ்வளவும் செத்து நாறும்.

“ஜுனைதீன் நானாவைக் கூப்பிடுங்கோவன். அவர் மெக்கானிக்தானே,” என்றாள் கரையில் நின்ற பெண்சாதி றஞ்சிதம்.

“உயிர் போனாலும் என்ர இஞ்சினில இன்னொருத்தன் கை வைக்கேலாது.”

தட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். தூசணமும் பேசிப் பார்த்தான். கடைசியில் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டான், பாவம்.

“அந்தோனியாரே, இதைக் கிளப்பித் தாரும். ஒரு வருசத்துக்குக் கள்ளுத் தொடமாட்டன்.”

றஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். “நேர்த்தியைக் கடற்கரையில வைக்கப்படாது. கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திச் சொல்லுங்கோ.”

போனான். ஆறு மாதமாக்கலாமோ என்று வழி நெடுக யோசித்தவன், பீடத்தில் நின்ற அந்தோனியாரின் சுருவத்தைக் கண்டதும் வெட்கப்பட்டு ஒரு வருசமென்றே சொன்னான். திரும்பி வந்து இழுத்த முதல் இழுவையில் இஞ்சின் கிளம்பிற்று. சந்தியோகு அழுதேவிட்டான். பக்கத்து வள்ளத்துக் கிறகரி தொடக்கம் விடத்தல்தீவுக் கரை முழுவதுக்கும் அந்தோனியார் செய்த புதுமையைச் சொல்லிவிட்டுத்தான் வலை தூக்கப் போனான்.

பின்னேரம் நண்டுக் கறி போட்ட றஞ்சிதத்தின் நகமெல்லாம் கறுப்பு.

“உதென்ன?”

“அடுப்புக் கரி.”

“கரி பெற்றோல் மணக்குமோ?”

அவள் அகப்பையை வைத்தாள். “நீங்கள் கோயிலுக்குப் போனாப்போல பிளக்கைக் கழற்றிப் பெற்றோலில துடைச்சு, காபரேற்றரில கிடந்த மண்ணெண்ணெயைத் திறந்து விட்டனான். போன முறை ஜுனைதீன் நானா செய்யேக்க பாத்தனான். நீங்கள் கள்ளுக் கொட்டிலில நிண்டியள்.”

“என்ர இஞ்சினை அவரிட்டக் காட்டினனியோ!”

“கரைக்கு வரேக்க பெற்றோலுக்கு மாத்திக் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் நிப்பாட்ட வேணுமாம். நீங்கள் கள்ளுக்கு அவதிப்பட்டு மண்ணெண்ணெயிலயே நிப்பாட்டுறியள். அடுத்த நாள் எப்பிடிக் கிளம்பும்?”

சந்தியோகுவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. “அப்ப அந்தோனியார் செய்யேல்லை. நேர்த்தி செல்லாது.”

“செல்லாதுதான். கொட்டிலுக்குப் போற வழியில கிறகரியண்ணையிட்டயும் சொல்லுங்கோ, இஞ்சினைத் திருத்தினது என்ர மனிசி எண்டு.”

சந்தியோகு ஒரு நண்டுக் காலை முழுவதுமாகச் சப்பி முடித்தான். பிறகு சிலுவை அடையாளம் போட்டான்.

“அந்தோனியாருக்குத் தோத்திரம். தேத்தண்ணி ஊத்து.”