மூட்டையோடு ஓடியவன்

எனக்கு வந்த வியாதியின் பெயரை இன்றுவரை தடுமாறாமல் சொல்ல வராது. சீலியாக். கோதுமை குடலுக்கு ஆகாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி, ஓட்டல் என்று ஊர்ஊராகச் சுற்றி, பரோட்டாவிலேயே வளர்ந்தவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா சொன்னபோது நான் வேட்டியைக் கையால் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். (விட்டால் இடுப்பில் நிற்காது.)

பல்லடத்தில் அக்கா வீட்டில் ஒதுங்கினேன். சோறு, கம்பு, ராகி என்று தின்றதில் கன்னம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தண்ணீர்க் குடம் தூக்கினேன், சிலிண்டரைக்கூட நகர்த்தினேன். ஆனால் ஒருநாள் சிங்கம், மறுநாள் நனைந்த துணி. கோதுமையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வயிறு மட்டும் உப்பியது. தேறுகிறேனா, தேய்கிறேனா? எனக்கே விளங்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. "வாயுதான் கண்ணு" என்று ரசத்திலும் மோரிலும் பெருங்காயத்தைக் கொட்டினாள். வயிறு உப்ப உப்பப் பெருங்காயமும் கூடியது.

அப்போதுதான் மச்சான் ஒரு கோழிப்பண்ணையில் எனக்கு வேலை கேட்டிருந்தார். தீவன மூட்டையை வண்டியிலிருந்து கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் பண்ணைக்காரர். இதுவும் போனால் மறுபடி லாரிதான். லாரி என்றால் வழிநெடுகப் பரோட்டாதான்.

"தெம்பா இருக்கோணும்" என்று அன்று காலை அக்கா ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். மோரில் பெருங்காயம் இல்லை. பெருங்காயத்தில்தான் கொஞ்சம் மோர் இருந்தது.

பண்ணைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, இவரு மூட்டையத் தூக்குவாருங்களா, மூட்டை இவரத் தூக்குமுங்களா?"

"ஊட்ல சிலிண்டரையே ஒத்தக் கையில தூக்கறானுங்க" என்றார் மச்சான். (ரெண்டு கை, ஒரு முழங்கால்.)

தூக்கிவிட்டேன். எனக்கே ஆச்சரியம். கொட்டகை வாசலுக்கு வந்ததும் வயிறு கூப்பிட்டது. கக்கூஸ் கொட்டகைக்கு அந்தப் பக்கம். மூட்டையை இறக்கி வைக்கலாம் என்ற யோசனை அந்த நேரத்துக்கு வந்து சேரவில்லை. கோழிகளுக்கு நடுவே மூட்டையோடு ஓடினேன். கம்பியில் மாட்டி மூட்டை கிழிந்தது. போகிற வழியெல்லாம் தீவனம். பின்னால் கொட்டகை முழுக்கக் கோழி.

"மாப்ளே, எங்கடா போறே!"

"வாரேன் மச்சான்!"

எதிர்ப்பக்கக் கதவு சாத்தியிருந்தது. அதற்குமேல் நடந்ததைக் கோழிகள் மட்டும் அறியும்.

"பலமெல்லாம் இருக்குதுங்க" என்றார் பண்ணைக்காரர், மச்சானிடம். "சொமையோட இந்த வேகத்துல ஓடி நான் பாத்ததே இல்லீங்க. ஆனா வேண்டாமுங்க."

அக்கா என்னை மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் நான் தின்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெருங்காயம் என்றதும் நிமிர்ந்தார். "கடையில விக்கிற பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்குமுங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நாந்தான் கண்ணு உனக்குக் கோதுமைய ஊட்டிப்போட்டேனா?"

பெருங்காயம் நின்றது. சில மாதங்களில் தோள் நிஜமாகவே தோளானது. மச்சான் மறுபடி போய்க் கெஞ்ச, அதே பண்ணைக்காரர் சேர்த்துக்கொண்டார். நன்றாகவே தூக்குகிறேன். ஆனால் நான் மூட்டையைத் தோளில் ஏற்றினால், இப்போதும் யாராவது ஒருவர் முதலில் ஓடிப்போய் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைக்கிறார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டுக் கொஞ்சம் வேகமாக எழுந்தால் போதும், மச்சான் அக்காவுக்குக் குரல் கொடுப்பார்:

"அம்மணி, கதவைத் திற! மாப்ள வாரான்!"