எட்வின் சிரிக்கச் சொன்னான்

யாராவது எனக்கு யோசனை சொன்னால் அதை ஓர் எழுத்துகூட மாறாமல் செய்துவிடுவேன். இதைவிட ஆபத்தான குணம் ஒரு மனிதனுக்கு இருக்க முடியாது.

எண்பத்தொன்பதில் தாம்பரத்தில் பி.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மூன்று இண்டர்வியூக்களில் மேசையைப் பார்த்தே பதில் சொல்லித் தோற்றிருந்தேன். (மேசைகள் யாருக்கும் வேலை தருவதில்லை.) வேலைக்குப் போகும் லாயக்கே நமக்கு இல்லை என்று முடிவுகட்டி, நான்காவதாக வந்த கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வகுப்புத் தோழன் எட்வின் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

“மச்சான், கண்ணைப் பாத்துப் பேசு. இன்னா கேட்டாலும் சிரிச்சிகினே இரு. அவ்ளோதான்.”

“எந்தக் கண்ணை?” (உண்மையான சந்தேகம்தான்.)

“ரெண்டையும்டா!”

வண்டலூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி. துணைக்கு வந்த எட்வின் வெளியே நின்றான். உள்ளே மேனேஜர் கன்னத்தைப் பிடித்தபடி, “நேத்துதான் கடைவாய்ப்பல் புடுங்கினாங்க. மெதுவாத்தான் பேசுவேன்” என்றார். நான் இமைக்காமல் அவர் கண்களையே பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“எட்வின் சிரிக்கச் சொன்னான் சார்.”

“எட்வின் யாரு?”

“வெளியில நிக்கிறான் சார்” என்றேன், சிரித்துக்கொண்டே.

எட்வினைக் கூப்பிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்தவன், “சார், இவனுக்குப் பேச வராது. படிக்க எதுனா குடுங்க. ஒரு தப்பு இருந்தாலும் புடிச்சிருவான்” என்றான்.

அச்சுக்குப் போகவிருந்த பம்ப் கையேட்டை மேனேஜர் என் பக்கம் தள்ளினார். அறை, மேனேஜர், பயம் எல்லாம் மறந்துபோயின. பதினான்கு பிழைகளைக் குறித்தேன். அதில் ஒன்று, சுவிட்சை அணைக்கும் முன்பே ஒயரைத் தொடச் சொல்லியது.

அதை இரண்டு முறை படித்த மேனேஜர், “திங்கக்கிழமை வந்துருங்க. ஆனா தயவுசெஞ்சு சிரிக்காதீங்க” என்றார்.

எனக்கு ஆட்டிசத்தின் கூறுகள் உண்டு என்று நாற்பது வயதுக்கு மேல் ஒரு டாக்டர் சொன்னார். எட்வினிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அப்பவே தெரியும்டா. பேருதான் தெரியாது” என்றான். அவன் அன்று அந்தக் கடிதத்தைப் பிடுங்கியிராவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ!

மேனேஜர் முன்னால் மட்டும் அதன்பின் நான் சிரித்ததே இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படங்களிலும் சிரிக்கிறேன், ஒன்றைத் தவிர. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி என் மகள் சொல்வாள்: “அப்பா பக்கத்துல நிக்கிறாரே, அவர்தான் மேனேஜர்.”