மாமா சரிசெய்த கரண்டு

நல்லேப்பிள்ளி,
புதன்கிழமை மதியம்.

பெருமதிப்பிற்குரிய மோகனசுந்தரம் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் மௌனிகா வணங்கி எழுதுவது.

இங்கே அம்மா, அப்பா, எருமைகள், கிணற்று மோட்டார் எல்லாரும் நலம். மோட்டார் ரொம்பவே நலம்; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சித்திரபுரத்தில் நீங்களும் அத்தையும் குளிருக்கு இதமாகக் காதை மூடிக்கொண்டு, சூடான எதையாவது குடித்தபடி இதைப் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்திருந்தபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "மாமா, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்" என்று நான் சொல்லவில்லை. வேலையெல்லாம் முடித்து ஏணியிலிருந்து இறங்கி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சந்தோசமா அம்மிணி?" என்று கேட்டீர்களே, அப்போது "இல்லைங்க மாமா" என்றும் சொல்லவில்லை. "ரொம்ப சந்தோசமுங்க மாமா" என்று சொன்னேன். போதாக்குறைக்கு உங்கள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பாயசமும் ஊற்றினேன். போனில் சொல்லிவிடலாம் என்றால், நீங்கள் "அம்மிணி" என்று ஆரம்பித்ததும் என் வாயில் "சரிங்க" தவிர வேறொன்றும் வராது. அதனால்தான் கடிதம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். அம்மா குறுக்கே புகுந்து, "கம்ப்யூட்டர்ல குத்தங் கண்டுபுடிக்கறாளுங்ணா. ஊட்ல கண்டுபுடிக்கறது பத்தலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டதால் என்னால் விளக்க முடியவில்லை. இப்போது விளக்குகிறேன். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதாகப் பாவனை செய்யலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஒரே வயலை நாலு பேருக்குக் குத்தகைக்கு விட்டு, ஒவ்வொருவரிடமும் 'மொத்த வயலும் உன்னுதுதான்' என்று சொல்லி, நாலு பேரும் வரப்பில் ஒருவரையொருவர் பார்த்துவிடாமல் சமாளிக்கிற ஒரு காரியஸ்தரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். (அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்பேர்ப்பட்ட ஆளு ஆருன்னு சொல்லு, பஞ்சாயத்துத் தேர்தல்ல நிறுத்தலாம்" என்றார்.) அந்தக் காரியஸ்தருக்கு அடியில், இயங்குதளத்தின் அடிவேராக, கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அதில் ஒரு மாற்றம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பலாம். அதைச் சேர்ப்பதற்கு முன் என்னைப் போன்ற சிலர் வரிவரியாகப் படித்து, ஓட்டிப் பார்த்து, எல்லார் கண்ணிலும் படும்படி குற்றம் சொல்லுவோம். அங்கே குற்றம் சொல்வதுதான் மரியாதை. பேசாமல் இருந்தால் நாம் படிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

போன மாதம் நார்வேக்காரர் ஒருவர் ஒரு மாற்றம் அனுப்பினார். உள்ளே ஓடும் கணினிகளுக்கு மணி சொல்கிற பகுதியை வேகமாக்கும் மாற்றம். அதை நம் வீட்டில் என் பழைய மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த கணினிக்குத் திடீரென்று காலம் பின்னால் போனது. பதினொன்றரை ஆன பிறகு பதினொன்றேகால் ஆனது. ஓர் ஆஸ்பத்திரிக் கணினிக்கு இப்படி ஆனால், மருந்து கொடுத்த பிறகுதான் டாக்டர் மருந்து எழுதினார் என்று பதிவாகும். அதனால் ஊர் உலகத்தின் முன்னால் "இது தவறு" என்று எழுதிவிட்டேன். மாமா, நான் அப்படி யாரிடமும் சொன்னதே இல்லை. சித்தூர்ச் சந்தையில் கடைக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போட்டாலும் நன்றி சொல்லிவிட்டு வருகிறவள் நான். நார்வேக்காரர் மிகப் பணிவாகப் பதில் எழுதினார்: எங்கள் கணினி எதிலும் இந்தக் கோளாறு வரவில்லை, நீங்கள் திரும்ப வரவைத்துக் காட்டினால் நிறுத்துகிறோம், இந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் மாற்றத்தைச் சேர்த்துவிடுவோம். நான் முதன்முதலாகச் சொன்ன "தவறு" தவறா சரியா என்பது அந்த வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது.

கவனித்துப் பார்த்ததில், நம் வீட்டு லைட் மங்கி மங்கி எரியும் சமயத்தில்தான் கோளாறு வந்தது. மடிக்கணினி கரண்டுக்கும் பேட்டரிக்கும் இடையில் தத்தளிக்கிறது, அந்தக் குழப்பத்தில் மணி தவறுகிறது என்று முடிவுகட்டினேன். லைட் மங்கினால் போதும், பக்கத்துத் தோப்பு பூபதிராஜா அண்ணன் மோட்டார் போட்டிருக்கிறாரா என்று பார்க்கக் கொல்லைப்புறத்துக்கு ஓடுவேன். திரும்பி வந்தால் திரையில் கோளாறு காத்திருக்கும். ஒரு நாள் மகிழ்ச்சி தாங்காமல், "போச்சு! மறுபடியும் போச்சு!" என்று குதித்தேன். அதை அடுக்களையிலிருந்து பார்த்த அம்மா, கரண்டு சரியில்லாமல் மகளின் பிழைப்பே போகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டார்.

நீங்களும் வந்தீர்கள். மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் பஸ்ஸில் மலையிறங்கி, டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்தீர்கள். மோட்டார் ரூமில் நுழைந்ததும், "இந்த ஜாயிண்ட்டப் போட்ட புண்ணியவான் ஆரு?" என்று கேட்டீர்கள். அப்பா தென்னை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு, "நாந்தானுங் மச்சான். இத்தன வருசமா ஓடுதுங்களே" என்றார். "ஓடுதா? நொண்டிக்கிட்டு வருது மாப்ள. இது கரண்டே இல்ல, கரண்டோட ஆவி" என்றீர்கள். நான் சிரித்தேன். பொழுது சாய்வதற்குள் ஃபேன் சுற்றிய வேகத்தில் காலண்டர் ஆணியோடு விழுந்தது. அன்றிலிருந்து லைட் இமைக்கவே இல்லை. கோளாறும் வரவே இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை மாமா. பிளக்கைக் கையால் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் சேர்த்துப் போட்டேன். "ஏ அம்மிணி, மாவில்லாத கிரைண்டர் ஆருக்குடி ஆடுது?" என்று அம்மா ஓடி வந்தார். கிணற்று மோட்டாரையாவது போடலாம் என்று அப்பாவைக் கேட்டேன். "கதிரு முத்தி அறுப்பு மிசினுக்குச் சொல்லியாச்சு. இப்பப் போயித் தண்ணியுட்டா நெல்லென்ன நீச்சலா அடிக்கும்?" என்றவர், என் நெற்றியைத் தொட்டும் பார்த்தார். கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பூபதிராஜா அண்ணன் வீட்டுக்கே போனேன். "வாம்மிணி! உங்க மாமன் தங்கமான மனுசன். போற வழியில நம்ம மோட்டார் ரூமையுஞ் செரி பண்ணிக் குடுத்துட்டாரு. ஒரு டீ மட்டுந்தாங் குடிச்சாரு" என்றார். மாவு மில் வள்ளியாத்தாள் அக்காவிடம் போனால், அங்கேயும் நீங்கள் டீ குடித்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் மட்டமான கரண்டு வரும் வீடு ஒன்றைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை.

ஆகவே என் விண்ணப்பம். பழைய ஜாயிண்ட் ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். அதைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. ஆபத்தில்லாத மட்டமான கரண்டு ஒன்றை, நான் கேட்கும்போது மங்கி, போதும் என்றதும் நிமிர்கிற மாதிரி, உங்கள் கையால் அமைத்துத் தர வேண்டும். வாழ்நாளெல்லாம் கரண்டை ஒழுங்குபடுத்தியவருக்குக் கொஞ்சம் கெடுக்கத் தெரியாமலா போகும்? நாளைக் காலை உங்கள் ஊர்ப் பக்கம் மூணாறுக்குத் தேங்காய் லோடு கொண்டுபோகும் பூபதிராஜா அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் ஏறி வந்துவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் ஏணிகளை எல்லாம் வென்று நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொல்ல வேண்டியதைத் தாமதமாகச் சொல்லும்
மௌனிகா

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் மாமா. மழையால் தேங்காய் லோடு தள்ளிப்போனது. கடிதமும் இங்கேயே தங்கிவிட்டது. வியாழன் மாலை இடி இடித்தது. காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு திரும்பினால், நீங்கள் கொடுத்த லைட் அசையாமல் எரிகிறது, திரையில் கோளாறு நிற்கிறது.

"இங்க ஆரும்மா வந்தது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நாந்தான். இடி இடிச்சுதல்ல, பொட்டிய மூடி வெச்சேன். நின்னதும் தொறந்துட்டேன்."

"இதுக்கு முன்னாடியும் மூடியிருக்கிறயா?"

"லைட்டு ஆடறப்பெல்லாம் மூடுவேன். நீதான் பொடக்காலிக்கு ஓடிப்போயர்றயே, பொட்டிய ஆரு பாக்கறது? டிவி பிளக்கப் புடுங்கி வெக்கறதில்லையா, அதாட்டந்தான்."

மூடினால் மடிக்கணினி தூங்கும். திறந்தால் எழும். தூங்கி எழுந்ததும் உள்ளே இருக்கும் கணினிக்குத் தப்பான மணி சொல்கிறது அந்த மாற்றம். கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருந்த கணினியின் பதிவுகளையே நான் தோண்டிக்கொண்டிருந்தேன். வெளியே இருந்த கணினி தூங்கியதா என்று பார்க்கவில்லை. நார்வேக்காரர் பரிசோதித்ததெல்லாம் பெரிய சர்வர்களில். அவற்றை யாரும் மூடி வைப்பதில்லை. அவற்றுக்கு மூடியே கிடையாது.

அப்போதே எல்லாருக்கும் எழுதினேன். குறை கண்டவர் பெயரை அங்கே போடுவது வழக்கம் என்று அம்மாவிடம் சொன்னேன். "என்ற பேரு வேண்டாஞ்சாமி, நாளைக்குப் பொட்டி கெட்டுப்போச்சுன்னா எங்கிட்டத்தான் வருவாங்க" என்றார். நார்வேக்காரர் தன் மடிக்கணினியை மூடித் திறந்து பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.