குழுவுக்கு வேண்டிய ஐஸ்

யுத்த காலத்தில் கொழும்புத் தமிழர் சாதித்தவற்றுள் தலையாயது, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் 'இல்லத்துப் பியர் உற்பத்திக் குழு' என்பது என் தாழ்மையான கருத்து.

காலையில் எழும்புகிறேன். முகம் கழுவுகிறேன். ஒரு கோப்பைத் தேநீருக்குப் புட்டுப்பானையில் தண்ணீர் வைக்கிறேன். மற்றப் பாத்திரங்கள் இன்னும் குழுவின் 'பொறுப்பில்' உள்ளன.

தலைவர் மேல்மாடிக் கதிர்காமநாதன், காப்புறுதிக் கம்பனி அதிகாரி. தொழில்நுட்ப ஆலோசகர் கொட்டாஞ்சேனை கிளெமென்ற், துறைமுக எழுதுவினைஞர். மோல்ற் பாகும் ஈஸ்டும் அவருக்குக் கப்பல்காரர் கொடுத்தவை. செயலாளர் நான். என் குசினிதான் 'தொழிற்சாலை'. இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பயந்து வெளியே போகாத ஆண்கள், வீட்டுக்குள்ளிருந்தே சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்று ஆழ்ந்து சிந்தித்ததன் விளைவு இது.

முதல் தடவை ஒரு பானை காய்ச்சினோம். குடிக்கக்கூடியதாக இருந்தது. உடனே தலைவர் கூட்டம் கூட்டினார்.

"இனி நாலு மடங்கு."

"பானைக்கு எங்க போறது?" என்றார் கிளெமென்ற்.

"தங்கச்சியிட்ட இருக்கிறது எல்லாத்தையும் அடுப்பில ஏத்துவம்."

தங்கச்சி என்பது என் மனைவி சுகந்தினி. குசினி வாசலில் நின்றாள்.

"இருக்கிற பானையளவுக்குக் காய்ச்சினால் காணாதே, அண்ணை?"

"உப்பிடி யோசிச்சுத்தான் எங்கட சனம் முன்னேறாமல் கிடக்குது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவளுக்கு வாக்குரிமை இல்லை.

சனிக்கிழமை சோற்றுப்பானை, பால்பானை, மூடியில்லாத பிரஷர் குக்கர் எல்லாம் மாறி மாறி அடுப்பேறின. காய்ச்சியதைக் குளிக்கிற வாளியில் ஊற்றினோம். கிளெமென்ற் விரலை விட்டுப் பார்த்துத் துள்ளினார்.

"சூடு கெதியா இறங்கவேணும் மச்சான். இல்லாட்டிப் புளிச்சுப்போகும். ஐஸ் எங்க?"

எங்கள் பிரிட்ஜில் இருந்தது ஒரு பானைக்கும் போதவில்லை. சந்தையில் மீன்காரரிடம் வாங்கவேண்டும். யார் போவது? அவசரக் கூட்டம் கூடியது.

"காலி ரோட்டில செக்கிங். ஆம்பிளையள் போனால் உள்ளுக்குத்தான்," என்றார் தலைவர்.

"என்ர ஐடென்ரிகாட்டில கொட்டாஞ்சேனை அட்ரஸ். இங்க என்ன வேலை எண்டு கேப்பாங்கள்," என்றார் கிளெமென்ற்.

"செயலாளர் அடுப்பை விட்டு அசையேலாது," என்றார் தலைவர். நான் கரண்டியுடன் அசையாமல் நின்றேன்.

'பொம்பிளையளை மறிக்கமாட்டாங்கள்' என்பது குழுவின் பாதுகாப்புக் கொள்கை. அது சரியாகவே இருந்தது. ஐசுக்குப் போன சுகந்தினியை ஒருவரும் மறிக்கவில்லை. சந்தைக்கு முன்னால் நின்ற பஸ்ஸில் குண்டு வெடித்தது.

சத்தம் கேட்டதும் தலைவர் முன்யோசனையுடன் அடுப்பை அணைத்தார். செத்தவீட்டுக்கு மதிப்பளித்து, வாளியும் பானைகளும் அன்றே மேல்மாடிக்கு இடம்பெயர்ந்தன. பியர் தானாகவே ஆறியது. புளிக்கவில்லை.

அவளுடைய முப்பத்தோராம் நாள் சடங்கன்று போத்தல்கள் தயாராகிவிட்டன. அவற்றுக்குச் 'சுகந்தினி' என்று பெயரிடுவதாகத் தலைவர் அறிவித்து, உரையாற்றினார்.

"'நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ, நான் போட்டு வாறன்' எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டுப் போன பிள்ளை!"

சபை கண்கலங்கியது. தலைவர் சொன்னதை நான் மறுத்துப் பழக்கமில்லை. ஆனாலும் செயலாளர் என்ற முறையில் ஒரு சிறு திருத்தம். அவள் சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"இவ்வளவு ஆம்பிளையள் இருக்கிறியள். ஐசுக்கும் நான்தான் போகவேணுமே?"