டிக்காஷன் எழுந்து நின்றார்

நான் திருட்டுத்தனமாகக் குடித்த காபிக்காக இன்னொருவர் வீடிழந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வயதிலும் அதை நினைத்தால் கூசுகிறது.

1950களின் கடைசியில் ஸ்ரீரங்கத்தை ஒட்டி, கொள்ளிடக் கரையில் ஆசிரமம் மாதிரி ஒரு குடில் இருந்தது. மின்விளக்கு, செருப்பு, காபி இல்லாமல் சில குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. கல்லூரி ஆசிரியனான நான் ஞாயிறுதோறும் போய்க் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு, திங்களன்று மாணவர்களுக்கு எளிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன்.

அங்கேதான் டிக்காஷன் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவர் இருந்தார். காபியை அவரளவு காதலித்தவர் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது. மனைவி இறந்ததும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலையையும் காபியையும் ஒரே நாளில் விட்டுவிட்டுக் குடிலுக்கு வந்தவர். வேறு போக்கிடம் இல்லை.

குடிலில் ஒரு வழக்கம். விதி தவறியவர் மாலைப் பிரார்த்தனையில் தாமாக எழுந்து நிற்க வேண்டும். யாரும் நிற்காவிட்டால் மறுநாள் குழந்தைகள் உட்பட எல்லோரும் பட்டினி. மூன்று முறை நின்றவர் வெளியேற வேண்டும்.

திருச்சி மெயின்கார்டு கேட்டில் ஒரு காபிக்கடை வாசலில் மூச்சை இழுத்து விட்டதற்காக டிக்காஷன் முதல் முறை நின்றார். அடுத்தது இன்னும் மோசம்.

"கனவுல ஒரு டம்ளர் குடிச்சேங்க."

"கனவுதானே, உக்காருங்க," என்றார் குடிலை நடத்திய அம்மா.

"ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினேங்க."

அம்மா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு, பிரார்த்தனைக்குச் சற்று முன், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நான் பிளாஸ்க்கைத் திறந்தேன். வாசனை என்னை முந்திக்கொண்டு பிரார்த்தனைக்குப் போய்விட்டது.

"யாருங்க அது?" என்றார் அம்மா.

எல்லோரும் டிக்காஷனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்த குழந்தைகளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

மறுவாரம் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

"எங்ககிட்ட சொல்லி என்ன சார்? அவரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் அம்மா.

பொன்மலையில் ஒரு சைக்கிள் கடையில் டிக்காஷன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. குடிலுக்கு வாங்க."

"எப்படி சார் வர்றது? குடிக்காத காபிக்கு எந்திரிச்சு நின்னேனே, அது பொய்தானுங்களே? அதுக்கும் நிக்கணும். எப்படிப் பார்த்தாலும் மூணு ஆயிடுச்சு."

"நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வாசனையே சொல்லிச்சே! கொட்டை அருமை. பால்லதான் தண்ணி ஜாஸ்தி."

எதிர்க்கடைக்கு அழைத்துப் போய் இரண்டு காபி சொன்னேன். வெளியேற்றிய குடிலின் விதியை அவர் விடவில்லை. டம்ளரைத் தொடவே இல்லை. என் டம்ளரும் அப்படியே இருந்தது.

"ஆறிடுச்சுங்களா சார்? இருங்க, சூடா வேற வாங்கிட்டு வரேன்," என்று எனக்காக எழுந்தார் டிக்காஷன்.