ஒரு சைரனும் ஒரு பெயர்ப்பலகையும்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் சங்கத்தின் பெயர்ப்பலகையை எங்கே ஒளிப்பது என்பதுதான் ஜெயராணியின் பிரச்சினை.

சின்னப் பலகையாக இருந்தால் கழற்றி யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலாவது தள்ளிவிடலாம். இது ஆறடி நீளம். கட்டடத்தின் நெற்றியில் சீமெந்து வைத்துப் பதித்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து: ‘மேற்பிரிவு மரணாதார உதவிச் சங்கம்.’ தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு சாவு விழுந்தால் பந்தல், கதிரை, தேத்தண்ணிப் பானை, வெள்ளைக் கொடி எல்லாம் இங்கிருந்துதான் புறப்படும்.

“இருந்துட்டுப் போகட்டுமே புள்ள,” என்றார் சங்கத் தலைவர் லெட்சுமணன். “முப்பத்தொரு வருசமா இருக்கிற பலகை. அது யாரைக் கடிச்சுது?”

“மாமா, நாம கேட்டிருக்கிறது மழைமானியும் சைரனும். ஆராய்ச்சிக்கான அரசாங்க மானியம். வந்து பாக்கிறவரு ‘இழவு சங்கத்துக்கு ஆராய்ச்சி எதுக்கு’ன்னு கேட்டா என்ன சொல்றது?”

பகலில் பன்வில டவுனில் ஒரு பார்மசியில் வேலை, புதன் சனி மாலையில் கண்டியில் திட்ட முகாமைத்துவ வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தாள் ஜெயராணி. அந்த வகுப்பில்தான் மானியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாள். போன வருடக் கடைசி மழையில், மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த மண்மேடு இறங்கி மாட்டுக் கொட்டகையைக் கொண்டுபோனது. மண் சமையலறைக்குள் வந்த பிறகுதான் ஆட்களுக்கே தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவையும் அப்படியே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

ஆகவே ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, அடிமட்டம் ஒட்டி, தினமும் காலை ஆறு மணிக்கு மழையை அளந்து கொப்பியில் எழுதி வந்தாள். இருநூற்று நாற்பத்தொரு நாள். சரியான மழைமானியும், அளவு மீறினால் அலறுகிற சைரனும் கிடைத்தால் பெருமழைக்கு முன் மேல் லயத்து முப்பத்திரண்டு குடும்பத்தையும் எழுப்பிவிடலாம்.

விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக வந்தது. நாலாம் நிபந்தனையில்தான் முட்டியது. விண்ணப்பிக்கும் அமைப்பு ஐந்து வருடத்துக்கு முன்பே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டுமாம். மேற்பிரிவில் அப்படிப் பதிவான அமைப்பு ஒன்றே ஒன்றுதான்.

அதன் ரப்பர் சீலை வாங்கி, காய்ந்துபோன மைத்தட்டில் ஒற்றி, கொஞ்சம் சரித்து அவளே குத்தினாள். ‘மேற்பிரிவு’ தெரிந்தது. ‘சங்கம்’ தெரிந்தது. நடுவில் இருப்பது கடவுளுக்கே வெளிச்சம் என்ற அளவில் மங்கியிருந்தது. பெயர் கேட்ட இடத்தில் ‘மேற்பிரிவு உதவிச் சங்கம்’ என்று எழுதினாள். பொய் இல்லை, கொஞ்சம் சுருக்கம். லெட்சுமணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. “இப்படியா குத்துவாங்க? சங்கத்துக்கே மரியாதை இல்ல,” என்று முணுமுணுத்துக்கொண்டே உறையை வாங்கி, தபாலில் சேர்க்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

இப்போது கள ஆய்வுக்கு ஆள் வருகிறது. ஜெயராணி வகுப்பில் சொல்லித்தந்தபடி கொப்பியில் கோடு போட்டாள். இடர்: பலகை. தீர்வு: பலகையை மறைக்கும் அளவுக்கு ஒரு பேனர்.

“பேனர்னா தலைவர் படம் வேணும்,” என்றார் லெட்சுமணன்.

“மழைமானிக்கும் உங்க படத்துக்கும் என்ன மாமா சம்பந்தம்?”

“படம் இல்லாட்டி கட்டடத்துச் சாவி கிடையாது.”

இடர் இரண்டு. தீர்வு: படம்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும், குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஷிராஸின் அச்சுக் கடைக்கு ஓடினாள். எழுத வேண்டியதைத் துண்டில் எழுதி வைத்திருந்தாள். மேலே ‘மேற்பிரிவு மழை அளவீட்டு ஆய்வு நிலையம்’. நடுவில் படம், தலைவர் பெயர். பதிவுக் காலம் ஒரே பார்வையில் விளங்கட்டும் என்று படத்துக்குக் கீழே ‘1994 – 2025’. அதற்கும் கீழே ‘முப்பத்தொரு வருட ஓயாத சேவை’.

“கலர் மை முடிஞ்சி தங்கச்சி,” என்றார் ஷிராஸ். “கலர்ல வேணுமெண்டா சனிக்கிழமை வாங்க. கறுப்பு வெள்ளையெண்டா இப்பயே அடிச்சித் தாரேன்.”

“நாளைக்குக் காலைல வேணும் நானா. கறுப்பு வெள்ளையே அடிங்க.”

“மேல இருக்கிற வரி நீளமாக் கிடக்கு. பொடியா அடிச்சாத்தான் படம் பெருசா வரும். சும்மா வெறுமையா இருந்தா வடிவில்லை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வெச்சித் தாரன். உங்கட ஆக்கள்ட விசேசத்துக்கெல்லாம் அதுதானே போடுற.”

பன்வில பஸ் ஹோர்ன் அடித்தது. சுருட்டிக் கொடுத்ததை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெயராணி பாய்ந்து ஏறினாள். விரித்துப் பார்க்கவில்லை. பிறகு அந்த வாரம் முழுவதும் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

மறுநாள் விடிந்ததும் பேனரைத் தம்பி ரவிகுமார் கட்டினான். சங்கத்தில் பந்தல் போடுவது, கொடி கட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. கயிற்றில் முடிச்சுப் போடும்போது எழுத்தைப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. ஜெயராணி மேட்டில் மழை அளந்துகொண்டிருந்தாள். லெட்சுமணன் அதிகாரியை வரவேற்க முடி வெட்டிக்கொண்டு வரலாம் என்று முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போயிருந்தார்.

ஆறரைக்கு, அன்றைய வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்குப் போகிற பெண்கள் சங்கக் கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏழு மணிக்கு ஜெயராணி இறங்கி வந்தபோது, தலைவரின் பக்கத்து வீட்டு ரத்தினம்மா பேனருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து சாயங்காலம்கூட எங்கிட்ட வந்து ஒரு கப்பு சீனி வாங்கிட்டுப் போனாரே! திருப்பித் தாரேன்னாரே!”

ஜெயராணி நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கரை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் ஆளுயரத்துக்கு லெட்சுமணன், கறுப்பு வெள்ளையில், எல்லாவற்றையும் மன்னித்துவிட்டவர் போல் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘1994 – 2025’. ஆய்வு நிலையம் என்ற எழுத்தைக் கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது.

“அக்கா, அவர் சாகல!”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு கண்ணு, நம்ப முடியல,” என்று ரத்தினம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

யாரோ லெட்சுமணனுக்குப் போன் எடுத்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்தது. மனுசன் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு முடி வெட்டப் போயிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே அடிக்கிற போனும் வெளியே தொங்குகிற படமும் சேர்ந்து சந்தேகம் இருந்தவர்களுக்கும் தீர்த்துவைத்தன. உடம்பு கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்ற தகவல் கால் மணி நேரத்தில் கீழ்ப்பிரிவிலிருந்து வந்தது. அங்கே யார் சொன்னது என்று கேட்டால் மேற்பிரிவில் சொன்னார்களாம்.

ஜெயராணி ஓடிப்போய்ப் பேனரை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் அதற்குப் பின்னால் ‘மரணாதார உதவிச் சங்கம்’ என்று பலகை பல்லைக் காட்டியது. கூட்டத்தில் ஒரு புதிய அழுகை கிளம்பியது. அவசரமாகப் பேனரைத் திருப்பி, எழுத்தில்லாத பக்கம் வெளியே தெரியும்படி கட்டினாள். இப்போது வாசலுக்கு மேலே பத்தடி வெள்ளைத் துணி தொங்கியது. முன்னே இருந்ததைவிட இதுதான் இழவு வீடு என்று அச்சொட்டாகச் சொன்னது.

மரணாதாரச் சங்கத்தின் வேகத்தை எந்த அரசாங்கத் திணைக்களமும் கண்டிருக்காது. நாற்பது நிமிடத்தில் பந்தல் எழும்பியது. நூற்றிருபது கதிரைகள் வரிசையில் நின்றன. பானையில் தேத்தண்ணி கொதித்தது. பிரதான வீதியிலிருந்து கட்டடம் வரை வெள்ளைக் கொடி பறந்தது. தோட்டத்துரை அரைநாள் லீவு கொடுத்துவிட்டார்.

“ரவி, கொடியையாவது கழட்டுடா!”

“எப்படிக்கா? தலைவருக்கே கொடி கட்டாட்டி நாளைக்கு என்னைய யாரு மதிப்பா?”

“அவரு உயிரோட இருக்காருடா!”

“நீ அழுதுடுக்கா,” என்றான் ரவிகுமார் கனிவாக. “உள்ள வச்சிருந்தா இப்படித்தான் பேசச் சொல்லும்.”

ஜீப் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. கொடி வழிகாட்டியதால் எங்கேயும் நின்று வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்கதவு திறந்து வெள்ளைச் சட்டையோடு அதிகாரி சேதுராமன் இறங்கினார். பின்கதவு திறந்து, புதிதாக வெட்டிய தலையோடு லெட்சுமணன் இறங்கினார். பஸ்ஸைத் தவறவிட்டு ஜீப்பைக் கைகாட்டி ஏறியிருக்கிறார்.

ஜெயராணியைக் கண்டதும் அவர் காதோரம் வந்து, “வழியெல்லாம் வாய தொறக்கல புள்ள. மரணாதாரம்ங்கிற சொல்லே வரல,” என்றார் பெருமையாக. பிறகுதான் பந்தலைப் பார்த்தார். முகம் வெளிறியது.

“ஐயோ! யாரு போனது?”

பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. பதிலுக்குத் தலைவர் காத்திருக்கவில்லை. “ரவி, கிழக்குக் கால் சாஞ்சிருக்கு பாரு. கதிரைய ஏன் வெயில்ல போட்டிருக்க?” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார். பின்வரிசையில் ஒரு கிழவர் கதிரையோடு சரிந்தார். ரத்தினம்மா எழுந்து வந்து தலைவரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அடுத்த நொடி அதே கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

“என் சீனி எங்கய்யா?”

சேதுராமன் ஜெயராணியைப் பார்த்தார். “இங்க என்ன நடக்குது மகள்?”

அவளுடைய கொப்பியில் இந்த இடருக்குத் தீர்வு இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“ஒத்திகை சார். அனர்த்த ஒத்திகை. சைரன் அடிச்சா எவ்வளவு வேகமா ஆக்கள் கூடுவாங்கன்னு…”

“எவ்வளவு நேரம் எடுத்திச்சு?”

“நாப்பது நிமிசம் சார்!” என்றான் ரவிகுமார். “தேத்தண்ணியோட.”

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஜெயராணிக்கு மூச்சு வந்தது. அதை முழுதாக விடுவதற்குள் ரத்தினம்மா திரும்பினாள்.

“ஒத்திகையா? காலையில இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காம நான் அழுதது ஒத்திகைக்கா? சார், நீங்களே சொல்லுங்க, இது மரணாதாரச் சங்கம் சார்! சாவுன்னா சாவுதான், விளையாட்டு இல்ல!”

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் கட்டிக் காத்த சொல், பந்தலுக்கு நடுவில் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஜெயராணி கண்ணை மூடித் திறந்தாள். பேனரை இனி எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. அதுவே ஒரு நிம்மதியாகவும் இருந்தது.

“உண்மைதான் சார்,” என்றாள். “இது மரணாதாரச் சங்கம். வேற பதிவான சங்கம் எங்ககிட்ட இல்ல. நீங்க கழிச்சிடுவீங்கன்னு சீலை மங்கலாக் குத்தினது நான். பேனர் அடிச்சது நான். ஒத்திகையும் பொய். ஆனா இது பொய் இல்ல.” மழைக் கொப்பியை நீட்டினாள். “அந்த மேடு அடுத்த மழைக்குத் தாங்காது சார். மானியம் இல்லாட்டியும் பரவாயில்ல, இதை ஒருதரம் பாத்துட்டுப் போங்க.”

சேதுராமன் ஒரு கதிரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

“‘பதினேழு மில்லிமீற்றர். சந்தேகம்: ஆடு குடித்திருக்கலாம்.’ இது என்ன?”

“போத்தலுக்குப் பக்கத்துல ஆட்டோட கால் தடம் இருந்திச்சு சார். குடிச்சதை நான் கண்ணால பாக்கல. அதனால சந்தேகம்னு போட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து மேட்டுக்குப் போனார். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். மழைப் போத்தலைப் பார்த்தார். ஆட்டையும் பார்த்தார். கீழே வந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு லெட்சுமணனிடம் நீட்டினார்.

“தலைவர், சீல் வையுங்க. இந்தத் தடவை எழுத்துத் தெரியிற மாதிரிக் குத்துங்க. சைரன் அடுத்த மாசம் வரும்.”

லெட்சுமணன் அறை வாங்கிய கன்னம் சிவக்கச் சிவக்க, புது மைத்தட்டைத் திறந்து, வாழ்க்கையிலேயே அழகான சீலைக் குத்தினார். கூடிய கூட்டம் கலைய மனமில்லாமல் தேத்தண்ணி குடித்தது. வேறு ஒன்றும் செய்வதற்கில்லாததால் ரவிகுமார் தலைவரின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டான். அது எதற்காகக் கட்டிய மாலை என்று அவர் கேட்கவில்லை.

ஜீப் புறப்படும் நேரத்தில் ஜெயராணி சாரதி ஹாஷிம் நானாவின் பக்கம் ஓடினாள். அவர் அதுவரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா, சார் எங்க மேல கோவமாப் போறாரா? பாவம் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரா? மரணாதாரச் சங்கம்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டாருல்ல?”

“தெரிஞ்சிருந்தாவா?” ஹாஷிம் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். “உங்கட தலைவர் உறையில ஏழு இடத்தில பளிச்செண்டு சீல் குத்தித்தானே அனுப்பியிருந்தாரு, வந்த நானூறு விண்ணப்பத்தில ஐயா இத மட்டும் தனியா எடுத்து வெச்சதே, ‘ஆள் செத்தாத்தான் வேலை எண்டிருக்கிற சங்கம், ஆள் சாகாம இருக்கச் சைரன் கேக்குது பாருங்க’ எண்டு கந்தோர்ல இருக்கிற ஆபீசர்மார் எல்லாருக்கும் காட்டிக் காட்டித்தான் தங்கச்சி!”