மோகனூர்த் தண்ணீர்

கோயிலில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தவன் நான். அந்தக் குழந்தை என் மகள். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் வீட்டார் சொல்வார்கள், இன்னும் கொஞ்சம் கரி பூசி.

யுத்த காலம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான் ஊரை விட்டேன். கோயம்புத்தூரில் மில், ஜோலார்பேட்டையில் சாப்பாட்டுக் கடை, பிறகு குண்டக்கல்லில் மூட்டை தூக்கினேன். ஒரே இடத்தில் ஒரு வருஷம் என்னால் இருக்க முடிந்ததில்லை. (இருக்கும்படியான இடங்களும் அவை அல்ல.) மனைவி எஸ்தரைப் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா வீட்டில் விட்டிருந்தேன். மகள் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எஸ்தரிடமிருந்து கார்டு வந்தது. "ஞாயித்துக்கெழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானம். நீங்க வந்தா நீங்க ஏந்தி நிப்பீங்க. வராட்டி அப்பா ஏந்திக்குவாரு. நீங்க வரமாட்டீங்கன்னு அப்பா சொல்றாரு."

எங்கள் கோயிலில் குழந்தையை ஏந்தி நிற்பவர்தான் பெயரைச் சொல்ல வேண்டும். கிருபை என்ற பெயரை எழுதி அனுப்பியவன் நான். மூட்டைகளுக்கு நடுவே நின்று அதைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியவள் மட்டும் அங்கே இல்லை.

கடன் சொல்லி ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, ஞாயிறு காலை சேலத்தில் பஸ் பிடித்தேன். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு கரியடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதன் புகையில்தான் வண்டி ஓடும். அதாவது, ஓடினால் ஓடும். எங்கள் வண்டி முதல் மேட்டிலேயே நின்றது.

"ஏனுங்க கண்டக்டரே, எம் புள்ளைக்கு இன்னிக்கு ஞானஸ்நானமுங்க. சீக்கிரம் போகோணும்."

"அப்படீங்களா? அப்ப எறங்கி அடுப்புக்குக் காத்தடிக்கிற இந்தக் கைப்பிடியச் சுத்துங்க. எவ்வளவு வேகமாச் சுத்துறீங்களோ, அவ்வளவு சீக்கிரம் போலாம்."

சுற்றினேன். மேடு வந்தபோதெல்லாம் இறங்கிச் சுற்றினேன். புதுச்சத்திரத்தில் இறங்கியபோது என் உடம்பில் வெள்ளையாக இருந்தவை கண்ணும் பல்லும்தான். அங்கிருந்து இரண்டு மைல் ஓடினேன்.

கோயில் பக்கவாசலில் ஒரு முக்காலி. அதன் மேல் புதுப் பித்தளைத் தவலை நிறையத் தண்ணீர், மேலே வெள்ளைத் துணி. விசேஷ வீடுகளில் வருகிறவர்கள் கைகால் கழுவ வாசலில் தண்ணீர் வைப்பார்கள் அல்லவா? மாமனார் தாராளமாகவே செய்திருக்கிறார் என்று நினைத்தேன். குழந்தை என்னை முதன்முதலாகப் பார்க்கும்போது பயந்துவிடக் கூடாது. இரண்டு கையையும் தவலைக்குள் விட்டு, முகம், கழுத்து, காது என்று ஒன்றும் பாக்கியில்லாமல் கழுவினேன். மூடியிருந்த துணியாலேயே துடைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தால் மாமனார் சாமுவேல் நிற்கிறார். மாட்டுவண்டி ஓட்டுகிற மனிதர், அதட்டிப் பேசமாட்டார். தவலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளெ. அது பாப்பாவுக்குன்னு மோகனூர்ல மொண்டுட்டு வந்த காவேரித் தண்ணிங்க. போக ஒரு நாள், வர ஒரு நாள் மாட்ட ஓட்டுனனுங்க."

போதகர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "போகட்டும் பெரியவரே. கெணத்துத் தண்ணியும் தண்ணிதான்."

"அத முந்தாநேத்தே சொல்லியிருந்தா எம் மாடு பொழச்சிருக்குமுங்களே அய்யா."

கிணறு தூரம். ஆள் போய்த் தண்ணீர் கொண்டுவரும் வரை சபை முழுவதும் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. எஸ்தர் குழந்தையோடு அருகில் வந்தாள்.

"வந்துட்டீங்க," என்றாள். முகத்தை உற்றுப் பார்த்து, "காதோரம் இன்னும் கரி இருக்குதுங்க."

கையை நீட்டினேன். கிருபை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் அலறிய அலறலில் ஓட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துபோயின. மாமனார் வாங்கியதும் அடங்கிவிட்டாள். மீண்டும் கை நீட்டினேன், மீண்டும் அலறல். அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் வந்தது. மாமனார்தான் ஏந்தி நின்றார். நான் பக்கத்தில், யாரோ வழிப்போக்கன் மாதிரி.

"பிள்ளையின் பெயர் என்ன?" என்று போதகர் கேட்டார்.

மாமனார் என் பக்கம் தலையைத் திருப்பி, "சொல்லுங்க மாப்பிள்ளெ. ரெண்டு நாள் வண்டி ஓட்டுனவன் நானு, ராத்திரியெல்லாம் ரயில்ல வந்தவரு நீங்க," என்றார்.

"கிருபை," என்றேன். அவள் அழாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். தலையில் தண்ணீர் விழும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கரித்தண்ணீரைக் கொட்ட மாமனார் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றினார். அது காய்த்தபோதெல்லாம் "மாப்பிள்ளெ ஞானஸ்நானம் கொடுத்த மரமுங்க" என்று ஊருக்குக் காய் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில்தான் கிருபை என் மடிக்கு வந்தாள். அன்று மத்தியானம் நான் பஸ் ஏற வேண்டியிருந்தது. அப்படியே பல வருஷங்கள், வருவதும் போவதுமாக ஓடிவிட்டன.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எப்போது போனாலும் வாசலில் செம்போடு வந்து நிற்பாள்.

"இது கழுவுற தண்ணிதானுங்கப்பா. பயப்படாமக் கழுவுங்க."

காதோரம் மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவேன். முந்தானையால் அவளே துடைத்துவிடுவாள்.